நாலு வீடு பின்னால்

சின்னவளுக்குப் பொறாமை தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு ஆரம்பிக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அது. அந்த நேரத்தில் அவள் மருந்து ஃபேக்டரியின் பேக்கிங் ஹாலில், தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையுமாக, பெல்ட்டில் வருகிற மாத்திரை அட்டைகளைப் பத்துப் பத்தாக எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட வாசலில் அவளுடைய ஓரகத்தி நின்றுகொண்டிருப்பாள். பட்டாணி ஓடிவந்து யாருடைய காலைக் கட்டிக்கொள்வாள்? ஓரகத்தியின் காலைத்தான். அதை நினைத்ததுமே சின்னவளுக்கு வயிறு எரியும். சில நாள் ஒன்பது அட்டையோடு பெட்டியை மூடிவிடுவாள். சூப்பர்வைசர் அந்தப் பெட்டியை அவள் முன்னால் திருப்பி வைத்துவிட்டுப் போவார்.

பட்டாணி அவளுடைய ஏழு வயது மகள். பிறந்தபோது இருந்த அளவுக்கு வைத்த செல்லப்பெயர் அது. முன்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயதாகியும் பெயர் மட்டும் வளரவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில்தான் குடித்தனம். கீழ்த்தளத்தில் அண்ணன் மனைவி பெரியவள், இரண்டாம் மாடியில் சின்னவள். பெரியவளின் கணவர் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் பெரியவளுக்குக் குழந்தை இல்லை. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது என்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஃபேக்டரியில் ஷிஃப்டை மாற்றினார்கள். அதுவரை மதியமே வீடு திரும்பிய சின்னவளால் இப்போது ஐந்து மணிக்குத்தான் வந்து சேர முடிந்தது. "நான் எதுக்கு இருக்கேன்? கொண்டா பிள்ளையை" என்றாள் பெரியவள். அன்று சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு நன்றி. நன்றி என்கிற சரக்கு எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? ஒரு மாதத்தில் புளிக்க ஆரம்பித்துவிட்டது.

பெரியவள் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை சலித்துக்கொண்டிருந்தால்கூட, நாலு வார்த்தை சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. பிள்ளை மேலே வரும்போது தலை பின்னி, முகம் கழுவி, வீட்டுப்பாடம் முடித்து, வயிறும் நிரம்பி வந்தது. அம்மா செய்வதற்கு மிச்சம் வைத்திருந்தது தூங்கவைக்கிற வேலை ஒன்றுதான். அதையும் பட்டாணி அம்மாவுக்குச் சிரமம் கொடுக்காமல், பாதிப் பேச்சில் தானே செய்துகொண்டாள்.

இந்த நேரத்தில்தான் இரண்டாம் வகுப்பில் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

டிஜிட்டல் கடிகாரம் என்றால் எந்தப் பிள்ளையும் எண்ணைப் படித்துவிடும். முள் கடிகாரம் அப்படியில்லை. ஒரே எண்ணை ஒரு முள் தொட்டால் ஒரு அர்த்தம், இன்னொரு முள் தொட்டால் வேறு அர்த்தம். பெரிய முள் மூன்றில் நின்றால் மூன்று நிமிடம் இல்லையாம், பதினைந்தாம். "அப்ப அங்க பதினஞ்சுன்னு எழுதவேண்டியதுதானே?" என்று பட்டாணி டீச்சரைக் கேட்டுவிட்டு, உட்காரச் சொல்லப்பட்டாள்.

பெரியவள் சும்மா இருப்பாளா? தையலுக்கு அளவு வெட்டுகிற பழுப்பு அட்டையில் தட்டை வைத்து வட்டம் வரைந்தாள். சாக்குக்கட்டியால் பன்னிரண்டு எண் போட்டாள். இரண்டு முள் வெட்டி, நடுவில் ஒரு பிரஸ் பட்டனை அடித்துச் சுற்றுகிற மாதிரி செய்துவிட்டாள். கடையில் வாங்கினால்கூட அவ்வளவு வாகாகச் சுற்றாது. சின்னவள் அதை முதல் தடவை கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தபோது, எங்கேயாவது இடறாதா என்றுதான் பார்த்தாள். இடறவில்லை.

"சின்ன முள்ளு சோம்பேறி மாமா. பெரிய முள்ளு ஓடுகாலி அத்தை," என்பது பெரியவளின் பாடம். "அத்தை ஊரெல்லாம் ஒரு சுத்து சுத்தி வந்தாதான் மாமா ஒரு வீடு நகருவாரு."

"மாமா இப்ப நாலாம் வீட்டுக்கும் அஞ்சாம் வீட்டுக்கும் நடுவுல நிக்கறாரே பெரியம்மா. எந்த வீட்டுக் கணக்கு?"

"விட்டுட்டு வந்த வீட்டுக் கணக்குதான். அஞ்சாம் வீட்டுக்குத்தான் இன்னும் போய்ச் சேரலையே. கதவைத் தட்டாம உள்ள விடுவாங்களா?"

பட்டாணி விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்த பாடம் மறக்குமா? இரண்டு மாதத்தில் அத்தையும் மாமாவும் எங்கே நின்றாலும் பட்டென்று மணி சொன்னாள்.

சொன்னதை மேலே வந்தும் சொன்னாள். அங்கேதான் வினை.

சின்னவள் வீட்டுக் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடும். தானாக ஓடவில்லை, அவளே ஓட்டிவைத்தது. காலை ஏழு மணிக்கு ஃபேக்டரி கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் தாமதமாகப் போனால்கூட அரைமணி நேரம் வெளியே நிற்கவேண்டும், ஜன்னல் வழியாக எல்லோரும் பார்ப்பார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்து வேலைக்குச் சேர்ந்த வாரமே முள்ளை முன்னால் தள்ளிவிட்டாள். தள்ளியது தனக்குத் தெரியுமே, தெரிந்தபிறகு என்ன பிரயோஜனம் என்று கேட்கக்கூடாது. தினமும் காலையில் கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவாள், பிறகு இருபதைக் கழித்து ஆறுதல் அடைவாள், அப்புறம் ஆறுதல் அடைந்ததற்காகவே பதறிக் கிளம்புவாள். ஒன்பது வருடமாகக் கேட் மூடி அவள் வெளியே நின்றதில்லை. அந்தக் கடிகாரம் அவளுடைய சாமர்த்தியம்.

ஒரு சாயங்காலம் பட்டாணி அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நம்ம கடிகாரம் பொய் சொல்லுது. கீழ நம்ம வீட்டுக் கடிகாரம்தான் நிஜம்."

பொய் என்று சொன்னதைக்கூடச் சின்னவள் பொறுத்திருப்பாள். 'கீழ நம்ம வீடு' என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. கையில் இருந்த பாத்திரத்தை வைத்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து கணவன் எட்டிப்பார்த்தான். அவன் பஸ் டெப்போவில் மெக்கானிக். சத்தத்தை வைத்தே எங்கே பழுது என்று சொல்கிறவன். பார்த்துவிட்டு, இது நம் கைக்கு அடங்காத பழுது என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"யாருடி பொய் சொல்றது? எந்தக் கடிகாரமா இருந்தாலும் அப்படித்தான்," என்றாள் சின்னவள். "முன்னாடிதான் ஓடும். நாமதான் பெரிய முள்ளை மனசுக்குள்ள நாலு வீடு பின்னாடி தள்ளிப் படிக்கணும். உங்க பெரியம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது."

"எல்லாக் கடிகாரத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்!"

கோபத்தில் வந்த வார்த்தை. ஒரு கடிகாரத்தின் குணத்தை ஊர் முழுக்க உள்ள கடிகாரங்களுக்கெல்லாம் பொதுவாக்கிவிட்டோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. அதோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் மகளைக் கடிகாரத்துக்கு முன்னால் உட்காரவைத்துத் தானும் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். உடம்பு அலுத்துப்போய் வந்தாலும் அந்தப் பாடம் தவறாது. பட்டாணி முதல் நாள் கடிகாரம் காட்டியதை அப்படியே படித்தாள். "பெரியம்மா இப்படித்தாம்மா சொன்னாங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். சின்னவள் ஒன்றும் திட்டவில்லை. அன்று படுக்கப்போகும் வரைக்கும் மகளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவ்வளவுதான். இரண்டாம் நாளே பட்டாணி நாலு வீடு தள்ளப் பழகிக்கொண்டாள். மூன்றே பத்து என்றால் இரண்டே ஐம்பது. ஆறு மணி என்றால் ஐந்தே நாற்பது. பெரியவர்களுக்கே விரல் விடவேண்டிய கணக்கைப் பிள்ளை கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து சொன்னாள். சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, அம்மா சொல்லிக்கொடுத்தா எப்படி வருது!" என்று கட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பையைத் துழாவும்போது பரீட்சைத் தாள் கிடைத்தது. பத்துக் கடிகாரப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பட்டாணியின் கோணல் எழுத்தில் ஒரு மணி. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. பத்துக்குப் பூஜ்யம். அடியில் டீச்சர் எழுதியிருந்தார்: 'நேரம் பார்க்கத் தெரியவில்லை. வீட்டில் பழக்கவும்.'

பெற்ற தாய்க்கு வருத்தம்தானே முதலில் வரவேண்டும்? சின்னவளுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்தது. வீட்டில் பழக்கியது யார்? மதியம் முழுக்க அட்டையும் முள்ளுமாக உட்கார்ந்து மாமா, அத்தை என்று கதை அளந்தது யார்? தாளை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் இரண்டு மாடி இறங்கினாள்.

கீழே பேன்ட் நீளம் குறைக்க வந்த ஒரு ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆள் இருந்தால் இருக்கட்டும் என்று சின்னவள் தாளை மிஷின் மேல் வைத்தாள்.

"பாருங்க அக்கா. ரெண்டு மாசமா நீங்க சொல்லிக்கொடுத்த லட்சணம். பத்துக்கு ஒண்ணு, ரெண்டு வாங்கியிருந்தாக்கூடப் பரவாயில்ல. பூஜ்யம்!"

பெரியவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தாள். கட்டைவிரல் முதல் கடிகாரத்தின் கீழ் நின்றது, இரண்டாவதுக்குப் போனது, மூன்றாவதில் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குமேல் போகவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல போலிருக்கு," என்றாள். "நான் என்ன டீச்சரா? தப்பு என் மேலதான்."

சின்னவள் இவ்வளவு சுலபமாகக் கோட்டை விழும் என்று நினைக்கவில்லை. விழுந்த கோட்டைக்குள் நுழைந்துதானே ஆகவேண்டும். "திங்கட்கிழமையிலேர்ந்து அவ இங்க வரவேண்டாம். ஸ்கூலுக்குப் பக்கத்துலயே காப்பகம் இருக்கு. அங்க விட்டுக்கறேன்," என்றாள்.

"சரி," என்றாள் பெரியவள். பேன்ட்காரரைப் பார்த்து, "நாளைக்கு வாங்க" என்றாள். அந்த ஆள் பேன்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்பிவிட்டார்.

சின்னவள் மாடி ஏறும்போது கால் தரையில் பாவவில்லை. பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டாள். அன்றைக்கும் மறுநாளும் அவளைப் போல் சந்தோஷமான மனுஷி அந்தத் தெருவிலேயே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பூஜ்யத்தைச் சரிசெய்கிற பொறுப்பு இனித் தன்னுடையதுதானே என்று, மகள் தூங்கும் நேரத்தில் தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் படத்தில் மூன்று மணி. பட்டாணி எழுதியிருந்தது இரண்டே நாற்பது. 'மாமா எந்த வீடுன்னே தெரியல இவளுக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டாள். இரண்டாவதில் ஏழே கால். எழுதியிருந்தது ஆறு ஐம்பத்தைந்து. மூன்றாவதில் ஐந்தரை. எழுதியிருந்தது ஐந்தே பத்து. சின்னவளின் விரல் நின்றது. நாலாவதைப் பார்த்தாள். பன்னிரண்டே ஐந்து, பதினொன்றே முக்கால். பத்தையும் பார்த்து முடித்தபோது அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

ஒன்றுகூடக் குத்துமதிப்பாக எழுதினது இல்லை. பத்தும் மிகச் சரியாக இருபது நிமிடம் பின்னால் இருந்தது.

உள்ளதைச் சொல்லவேண்டும். அவளுக்கு வந்தது மறுபடியும் சந்தோஷம்தான், முன்னதைவிடப் பெரியது. இரண்டு மாதம் பெரியம்மா தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தாள், இரண்டு வாரம் அம்மா சொன்னாள். பரீட்சையில் வந்து உட்கார்ந்தபோது பிள்ளை யாரை நம்பியது? அம்மாவை. அந்தப் பூஜ்யத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் போல் இருந்தது. தூங்குகிற மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மற்றது மெதுவாகத்தான் வந்தது. பழி போட்ட இடம் கீழ்த்தளம். தப்பு நடந்த இடம் இந்தச் சுவர். அந்த ஆளுக்கு முன்னால் அக்கா தலை குனிந்து 'தப்பு என் மேலதான்' என்றது நினைவுக்கு வந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் பிள்ளையை மறுபடி கீழே அனுப்பவேண்டிவரும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டீச்சருக்கு நாற்பது தாள், அவர் இதையெல்லாம் கழித்துப் பார்த்துக்கொண்டா இருப்பார்? தாளை நாலாக மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"ரெண்டு நாளா அண்ணி மிஷினை மிதிக்கற சத்தமே கேக்கலையே," என்றான் கணவன், சாப்பிட உட்காரும்போது.

"எனக்கென்ன தெரியும்? எண்ணெய் தீர்ந்திருக்கும்."

"எண்ணெய் தீர்ந்தா கிறீச்சுன்னு கேக்கும். இது கேக்கவே இல்லையே," என்றான் மெக்கானிக். அவள் பார்த்த பார்வையில் அதற்குமேல் பழுது ஆராயவில்லை.

திங்கட்கிழமை பட்டாணி காப்பகத்துக்குப் போனாள். சின்னவள் ஃபேக்டரியிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மற்ற பிள்ளைகளெல்லாம் போயாகிவிட்டது. மகள் மட்டும் நீளமான அறையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காப்பகத்து ஆயா, "பிடிவாதமெல்லாம் இல்லம்மா. என்ன கேட்டாலும் 'எங்கம்மாவைக் கேட்டுச் சொல்றேன்'னுது. தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட" என்றார்.

சின்னவள் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பேச்சை மாற்ற, "மணி என்ன ஆச்சு சொல்லு பாக்கலாம்" என்றாள்.

பட்டாணி கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "எந்த மணிம்மா?" என்றாள்.

அடக் கடவுளே, பிள்ளையைக் குழப்பிவிட்டோமே என்று சின்னவளுக்கு அடித்துப்போட்டாற்போல் ஆகிவிட்டது. மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறவில்லை. பட்டாணியை வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு நேராகக் கீழ்வீட்டுக்குள் போனாள். தாமதித்தால் மனசு மாறிவிடும் என்று அவளுக்கே தெரியும்.

பெரியவள் மிஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லை. அந்த ஆளின் பேன்ட் மூன்று நாளாகப் பிரிக்காமல் ஓரத்தில் கிடந்தது.

"அக்கா, பட்டாணி தப்பா எழுதினதுக்குக் காரணம் நான்," என்றாள் சின்னவள் மூச்சு விடாமல். "எங்க வீட்டுக் கடிகாரம் மாதிரி எல்லாத்தையும் நாலு வீடு பின்னாடி தள்ளிப் படிக்கணும்னு நான்தான் சொன்னேன். பத்தும் அப்படித்தான் எழுதியிருக்கா. உங்க மேல தப்பே இல்ல."

"தெரியும்."

"என்னது?"

"நீ கொண்டாந்து வச்சியே, அன்னிக்கே தெரியும். மூணாவது கடிகாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஒன்பது வருஷமா உங்க வீட்டுக் கடிகாரத்தைப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்க்கா அந்த ஆளு முன்னாடி பழியை ஏத்துக்கிட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீங்க இவ்வளவு நல்லவங்களா இருக்கறதுதான் எனக்கு..."

"நல்லவளாவது, மண்ணாவது." பெரியவள் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "என்னன்னு சொல்றது? ரெண்டு மாசம் அட்டை வெட்டி, முள்ளு வெட்டி, தொண்டை வத்தச் சொல்லிக்கொடுத்தேன். நீ ரெண்டு வாரம் சொன்னதும் பிள்ளை என்னைத் தூக்கிப் போட்டுட்டு உன் பேச்சை நம்பிடுச்சு. அதை என் வாயாலேயே உங்கிட்ட சொல்லணுமா? உனக்கு அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் தரணும்? அதுக்கு எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலைன்னு சொல்லிக்கறதே மேல்."

"அக்கா..."

"நீ என்னைப் பாத்து ஆறு மாசமா எரியறே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் உனக்கு வயிறு தெரிஞ்ச நாள்லேர்ந்து எரியறேன். எட்டு வருஷம். அவளுக்கு முதல் பல்லு முளைச்சிருச்சுன்னு மாடியிலேர்ந்து கத்திச் சொன்னியே, அன்னிக்கு ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் மாத்தித் தச்சேன். பிரிச்சுத் தைக்க ராத்திரியாச்சு."

சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக மேலிருந்து கீழே பார்த்து எரிந்தவளுக்கு, கீழேயிருந்து மேலே ஒரு நெருப்பு எட்டு வருடமாக எரிந்துகொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

"நாளையிலேர்ந்து அனுப்பறேன் அக்கா," என்றாள்.

"வேண்டாம்."

"அக்கா, பிள்ளை அங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குது."

"பழகிக்கும். இன்னிக்கு அனுப்புவே, இன்னொரு நாள் இன்னொரு பேப்பரோட வந்து பிடுங்கிட்டுப் போவே. ஒரு தடவைக்கே எனக்கு மிஷின்ல கால் வைக்க முடியல."

சின்னவள் கெஞ்சினாள். போன வெள்ளிக்கிழமை எந்தப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக இறங்கிவந்தாளோ, அதே பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல்லிக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். பெரியவள் மிஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"அப்படின்னா ஒண்ணு பண்ணு. அவளைக் கூப்பிட்டு, என் முன்னாடி சொல்லு. பெரியம்மா சொல்லிக்கொடுத்ததுதான் சரி, அம்மா சொன்னது தப்புன்னு."

இது மதிப்பெண்ணுக்காகப் போடுகிற நிபந்தனை இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்லியிருந்தாலும் சின்னவள் ஒரே மடக்கில் குடித்திருப்பாள். இந்த வாக்கியம் அவளுக்குத் தொண்டைவரை வந்து வந்து திரும்பிப் போயிற்று.

"பட்டாணி, இங்க வா."

பட்டாணி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"பெரியம்மா சொல்லிக்கொடுத்ததுதான் சரி, கண்ணு. கடிகாரம் என்ன காட்டுதோ அதுதான் மணி. அம்மா சொன்னதுதான் தப்பு."

"தெரியும்மா," என்றாள் பட்டாணி.

"தெரியுமா?"

"ஸ்கூல் கடிகாரத்துல ஒன்றரை ஆனா மணி அடிச்சுடறாங்கல்ல. நாலு வீடு தள்ளினா சரியா வராதே."

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்திருந்தாள். "பின்ன ஏன்டி பரீட்சைல அப்படி எழுதினே?" என்று கேட்டது பெரியவள்தான்.

பட்டாணி சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பெரியம்மா மாதிரி எழுதினா அம்மா கோச்சுக்குவாங்க. அன்னிக்கு மாதிரி பேசாம இருப்பாங்க. நீங்கன்னா கோச்சுக்க மாட்டீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, நியாயத்தையும் சேர்த்துச் சொன்னாள்: "முதல்ல பத்தையும் சரியாத்தான் போட்டேன். அப்புறம் அழிச்சுட்டு ஒவ்வொண்ணா தள்ளினேன். அதனாலதான் லேட்டாகி, டீச்சர் பேப்பரைப் பிடுங்கிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சின்னவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பிள்ளை அவளை நம்பவில்லை. அவளுக்குப் பயந்திருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை, சரியான விடையை ரப்பரால் அழித்துவிட்டு, அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு தப்பை எழுதியிருக்கிறது. வெட்கத்தில் சின்னவளுக்குத் தலை நிமிரவில்லை. பெரியவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை தன்னைத் தூக்கிப் போட்டுவிட்டதாக மூன்று நாள் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

சின்னவள் முட்டி போட்டு மகளின் உயரத்துக்கு வந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அம்மா கோச்சுக்க மாட்டேன். நீ சரின்னு நினைக்கறதை எழுது. பெரியம்மா சொன்னதை எழுதினாலும் கோச்சுக்க மாட்டேன். பேசாம இருக்க மாட்டேன். சத்தியமா."

பட்டாணி அம்மாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, கையை அம்மாவின் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் மிஷின் பக்கம் திருப்பினாள்.

"நிஜமாவா பெரியம்மா?"

சின்னவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. வாயைத் திறக்காமல், பெரியவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளும் காத்திருந்தாள்.